செயின் வேற, டாலர் வேற: கழற்றி மாட்டும் நகைகளுக்குக் கணக்கு வைப்பது எப்படி?

நகைக்கடன் பற்றிய வீடியோவில் ஒரு வரி சொல்லிட்டு வேகமா கடந்து போயிட்டேன்: "வீட்டுல எத்தனை நகை இருக்குன்னு எண்ணாதீங்க, எத்தனை உருப்படி இருக்குன்னு எண்ணுங்க." ரெண்டும் ஒண்ணுதானே என்று நினைத்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ரெண்டும் ஒண்ணு இல்லை என்பதை எங்க வீட்டில் ஒரு டாலரை இழந்துதான் கத்துக்கிட்டோம்.

முதலில் நகைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கதை. 1968-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டேனியல் வெசன் என்பவர் 'டான் வெசன் ஆர்ம்ஸ்' என்ற துப்பாக்கி கம்பெனியைத் தொடங்கினார். 'ஸ்மித் அண்ட் வெசன்' கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த வெசனின் கொள்ளுப்பேரன்தான் இவர். இவருடைய ரிவால்வரில் ஒரு விசேஷம்: குழலை வாங்கினவரே கழற்றி மாட்டலாம். முனையில் உள்ள நட்டை ஒரு சாவியால் திருகி எடுத்தால், மேலே இருக்கும் உறை கழன்று வரும், பிறகு உள்ளே இருக்கும் குழலும் வரும். இரண்டரை அங்குலக் குழலை எடுத்துவிட்டு எட்டு அங்குலக் குழலை மாட்டலாம். சில குழல்களை ஒரே பெட்டியில் போட்டு செட்டாகவும் விற்றார்கள்.

இப்போது எண்ணிப் பாருங்க. ஒரு சட்டம், நாலு குழல், ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு உறை. பார்க்கிறவருக்கு அது நாலு துப்பாக்கி. அரசுக் கணக்கில் ஒரே துப்பாக்கி, ஏன்னா வரிசை எண் சட்டத்தில்தான் இருக்கும். சேகரிக்கிறவருக்கோ அது ஒன்பது உருப்படி. இப்படி மூணு செட் வைத்திருப்பவர் ஒரு நாள் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துவிட்டு மாற்றி மாட்டினால், எந்தக் குழல் எந்தப் பெட்டியோடு வந்தது என்பதை எந்த எண்ணும் சொல்லாது. அவர் எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. விற்கப் போகும்போது முழு செட்டுக்கு ஒரு விலை, கலந்துபோன செட்டுக்கு வேறு விலை. (நம்ம நாட்டில் இந்த விளையாட்டே கிடையாது. 1959 ஆயுதச் சட்டம் பாகங்களையும் ஆயுதம் என்றே சொல்கிறது. உரிமம் வைத்திருப்பவர்கூட இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைக்கக்கூடாது என்று 2019-ல் திருத்தமும் வந்துவிட்டது.)

துப்பாக்கி நமக்கு வேண்டாம். ஆனா கழற்றி மாட்டுற சேகரிப்பு ஒண்ணு உங்க அம்மா பீரோவிலும் இருக்கு.

எங்க வீட்டு டாலர் கதை

எங்க ஊர் மணமேல்குடி. அறந்தாங்கியிலிருந்து கடல் பக்கமா வந்தா ஈ.சி.ஆர். ஓரத்தில். அம்மாகிட்ட மூணு செயின் இருந்தது: ரெட்டை வடம் 24 கிராம், முறுக்கு செயின் 16 கிராம், மெல்லிசு செயின் 8 கிராம். டாலர் நாலு: அம்மாச்சி கொடுத்த லட்சுமி டாலர் 6 கிராம், கல் டாலர் 7.2 கிராம், மாமா கொண்டுவந்த துபாய் டாலர் 4 கிராம், பிள்ளையார் டாலர் 3 கிராம். மொத்தம் ஏழு உருப்படி.

மூணு செயினையும் நாலு டாலரையும் மாத்தி மாத்திப் போட்டா பன்னிரண்டு விதமான நகை வரும். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம்னு ஒவ்வொரு ஆல்பத்திலும் அம்மா ஒவ்வொரு விதமா இருப்பாங்க. சொந்தக்காரங்க கணக்கில் எங்க வீட்டில் பன்னிரண்டு செயின்!

2014-ல் அக்கா கல்யாணத்துக்கு ரெட்டை வடத்தில் லட்சுமி டாலரைக் கோத்துப் போட்டாங்க. 24-ம் 6-ம் 30 கிராம். ஒரு பவுன் 8 கிராம் என்பதால் மூணே முக்கால் பவுன். அக்கா மாமாவோட சிங்கப்பூர் போனப்போ நகையை அம்மாகிட்டயே விட்டுட்டுப் போனா.

2018 நவம்பர் 15 ராத்திரி கஜா வந்தது. புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம்னு நாலு மாவட்டமும் அடி வாங்கின அந்த ராத்திரியை எங்க பக்கத்து ஆள் யாரும் மறக்க மாட்டாங்க. அன்னைக்கு சாயங்காலமே அம்மா பீரோவைத் திறந்து, டப்பா எதுவும் இல்லாம, எல்லா நகையையும் ஒரு மஞ்சப்பையில் கொட்டி எடுத்துக்கிட்டு சித்தப்பாவோட மெத்தை வீட்டுக்குப் போனாங்க. நாலு நாள் கழிச்சுத் திரும்பி வந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிக்கெடுத்து, கைக்கு வந்த டாலரை கைக்கு வந்த செயினில் மாட்டி வச்சாங்க. கூரை போன வீட்டில் டாலரைப் பத்தி யார் யோசிப்பா?

கூரை போட 2019-ல் அக்காகிட்ட போன்ல கேட்டுட்டு ரெட்டை வடத்தை அடகு வச்சோம். அட்டையில் எழுதினது: "செயின் டாலருடன் – 1, மொத்த எடை 31.2 கிராம்." யாரும் கவனிக்கலை.

2021-ல் எனக்குக் கல்யாணம். மனைவிக்கு வளையல் வாங்க பழைய தங்கம் கொஞ்சம் மாத்தலாம்னு, "அந்த மெல்லிசு செயினை எடுத்துட்டுப் போ, துபாய் டாலரோட ஒண்ணரை பவுன் வரும்"னு அம்மா சொன்னாங்க. கொண்டுபோனது நான்தான். 12 கிராம் வரும்னு நினைச்சேன், தராசு 14 காட்டுச்சு. "பழைய தங்கம் 14 கிராம்"னு பில் போட்டாங்க. ரெண்டு கிராம் கூட வந்துச்சேன்னு சந்தோஷமா வந்தேன்.

2022-ல் அடகை மீட்டோம். அக்கா லீவுக்கு வந்தப்போ கொடுத்தோம். அவ டப்பாவைத் திறந்தா ரெட்டை வடத்தில் தொங்குறது கல் டாலர். லட்சுமி டாலர் எங்கே? எட்டும் ஆறும் பதினாலு. கடையில் உருக்கக் கொடுத்தது எதை என்று எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

எடையைப் பாருங்க. அக்காவுக்குச் சேர வேண்டியது 30 கிராம், கைக்கு வந்தது 31.2. மேலோட்டமா லாபம். ஆனா கல் டாலரில் 2.1 கிராம் கல்லும் அரக்கும். தங்கம் 5.1 கிராம்தான். அதனால உண்மையான தங்கம் 29.1. ஒரு கிராமுக்கும் குறைவான நஷ்டம்தான். அந்த 0.9 கிராமுக்கான பணத்தை உடனே கொடுத்துடலாம்னு நான் சொன்னேன், அதுதான் நான் செஞ்ச அடுத்த தப்பு. அம்மாச்சி கழுத்தில் கிடந்த டாலருக்கு கிராம் கணக்கு பேசினா யாருக்குத்தான் கோபம் வராது? ஆறு மாசம் அக்கா என்கிட்ட பேசலை. என் மனைவிக்கு இன்னைக்கும் அந்த வளையலைப் போட மனசு வரலை.

யாரும் திருடலை, யாரும் ஏமாத்தலை. எல்லா இடத்திலும் சீட்டு இருந்தது, பில் இருந்தது. ஆனா எல்லாமே "செயின்"னு சொல்லுச்சு, "எந்த டாலர்"னு ஒண்ணும் சொல்லலை.

கழற்ற முடிந்தால் தனி வரி

நான் இப்போ வச்சிருக்கிற கணக்குக்கு இது ஒண்ணுதான் அடிப்படை. கையால கழற்ற முடியுதா, அது தனி உருப்படி, அதுக்குத் தனி வரி. பற்றவச்சு இருக்கா, ஒரே வரி. டாலர், முகப்பு, ஜிமிக்கி, மாட்டல், ஒட்டியாணத்தோட நடுப் பதக்கம் எல்லாம் கழன்று வந்தால் தனித்தனி வரிதான். கம்மல், ஜிமிக்கி, மாட்டல் மூணையும் "கம்மல் செட் – 1" என்று எழுதாதீங்க. ஜிமிக்கியை இன்னொரு கம்மலில் மாட்டுற நாள் கண்டிப்பா வரும்.

திருகாணி மட்டும் கொஞ்சம் தொல்லை. தொலைஞ்சா வேற வாங்கி மாட்டுவோம், அது 22 காரட்டா என்றே சந்தேகமா இருக்கும். நான் திருகாணிக்குத் தனி வரி போடுறதில்லை, கம்மல் வரியிலேயே "திருகாணி மாற்றியது" என்று தேதியோட குறிச்சு வைப்பேன். எதற்கெல்லாம் வரி போடலாம்னு போய்க்கிட்டே இருந்தா ரெண்டாவது வாரமே கணக்கை மூட்டை கட்டிடுவீங்க.

கூகுள் ஷீட்டோ நாற்பது பக்க நோட்டோ, எதுவானாலும் சரி. ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு குறியீடு: செயினுக்கு செ-1, செ-2, டாலருக்கு டா-1, டா-2. அதுக்கு எதிரே மொத்த எடை, கல் போக நிகர எடை, காரட், வாங்கிய தேதி, விலை, பில் இருக்கா, யாருக்குச் சொந்தம். போட்டோ எடுக்கும்போது கழற்றித் தனியா வச்சு, முன்னும் பின்னும் எடுங்க. கழுத்தில் போட்ட போட்டோ ஆல்பத்துக்கு மட்டும்தான். 0.01 கிராம் காட்டுற சின்ன தராசு ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வீட்டுக் கணக்குக்கு அது போதும்.

"யாருக்குச் சொந்தம்" என்ற கட்டத்தை நிரப்பும்போதுதான் வீட்டில் சத்தம் வரும். வரட்டும். அம்மா இருக்கும்போது வர்ற சத்தம் அஞ்சு நிமிஷத்தில் அடங்கிடும்.

எச்.யூ.ஐ.டி. இருந்தா பாதி வேலை முடிஞ்சது

துப்பாக்கிக் குழலுக்கு இல்லாத ஒரு வசதி நம்ம நகைக்கு இப்போ இருக்கு. ஹால்மார்க் நகையில் பி.ஐ.எஸ். சின்னம், 22கே916 மாதிரியான தூய்மைக் குறி, அதோட எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. எண். இது 2021 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு இந்த எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைக்காரர் விற்கக்கூடாது. முக்கியமான விஷயம், இந்த எண் உருப்படிக்கு உருப்படி வேறு. ஆக செயினுக்கு ஒரு எண், டாலருக்கு ஒரு எண். 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் எண்ணைப் போட்டால், அது என்ன வகை நகை, என்ன தூய்மை, எந்த மையத்தில் சோதித்தது என்று வரும். டாலரோட எண்ணைப் போட்டு ஆப் "செயின்"னு காட்டினா, நீங்க வேற எண்ணைப் பார்த்து எழுதியிருக்கீங்கன்னு அர்த்தம்.

இனிமே வாங்கும்போது பில்லில் ரெண்டையும் தனித்தனியா, தனித்தனி எடையோட எழுதச் சொல்லுங்க. எண் பொடி எழுத்தில் இருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிசாக்கிப் பாருங்க.

2 கிராமுக்குக் குறைவான உருப்படிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. அம்மா காலத்து நகையிலும், வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த நகையிலும் இந்த எண் இருக்காது. எங்க பக்கம் பாதி வீட்டில் அப்படிப்பட்ட நகைதான். அதுக்கெல்லாம் எடையும் போட்டோவும்தான் அடையாளம். ஒரு நெளிவு, ஒரு விழுந்த கல், பின்னால் கீறிய இனிஷியல், எது இருந்தாலும் எழுதி வையுங்க. தூய்மை தெரியணும்னா, அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் கட்டணம் கட்டி நாமே சோதிச்சுக்கலாம்.

எங்கே இருக்கு, எதோட இருக்கு

பட்டியல் போடுறது ஒரு ஞாயித்துக்கிழமை வேலை. எங்க வீட்டில் கவிழ்ந்தது பட்டியல் இல்லாததால் மட்டும் இல்லை, நகர்வை எழுதாததால். அதனால ரெண்டாவது பக்கம் ஒண்ணு வேணும். தேதி, குறியீடு, எங்கிருந்து எங்கே, இப்போ எதோட மாட்டியிருக்கு, யார் எடுத்தது. "செ-1 + டா-2, பீரோவிலிருந்து லாக்கருக்கு, அம்மா." ஒரு வரி, இருபது வினாடி. நல்லது கெட்டதுக்கு இரவல் கொடுத்தாலும் இதே வரிதான்.

இந்த வரி இல்லாம பணம் எங்கெல்லாம் போகும்னு சொல்றேன்.

அடகு: தங்கம், வெள்ளி அடமானக் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புது வழிமுறை போட்டது. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் 2026 ஏப்ரல் 1-க்குள் அதுக்கு மாறியிருக்கணும். நகையை உங்க கண் முன்னாலதான் மதிப்பிடணும். மொத்த எடை, கல்லுக்கான கழிவு, நிகர எடை, நகையின் படம் எல்லாம் உள்ள சான்று உங்களுக்கு ஒரு பிரதி தரணும். கடனை முழுசா அடைச்சா அன்னைக்கே, அதிகபட்சம் ஏழு வேலை நாளுக்குள் நகை கைக்கு வரணும். அவங்க தவறால தாமதமானா நாளுக்கு ₹5,000 உங்களுக்குத் தரணும். ஆனா சான்றில் "செயின் டாலருடன் – 1"னு எழுதவிட்டா இந்த உரிமையெல்லாம் அரைகுறைதான். கவுண்டரில் கேளுங்க: "செயின் தனி வரி, டாலர் தனி வரி போடுங்க." முடியாதுன்னா டாலரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவாங்க. அதுவும் கல் வச்ச டாலரை அடகு வைக்காம இருப்பதே நல்லது. கல்லுக்குக் கடன் கிடைக்காது, கல் விழுந்தா தகராறு மட்டும் கிடைக்கும்.

லாக்கர்: உள்ளே என்ன இருக்குன்னு வங்கிக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான். வாடகை ₹3,000 என்றால் ₹3 லட்சம். வெள்ளம், நிலநடுக்கம் மாதிரி இயற்கைச் சேதத்துக்கு அதுவும் இல்லை. புயல் கரையில் இருக்கிற நாம இதைத் தெரிஞ்சு வச்சுக்கணும். தனியா இன்ஷூரன்ஸ் எடுக்கிறதா இருந்தா, அங்கேயும் உருப்படிவாரியா மதிப்போட பட்டியல்தான் முதலில் கேட்பாங்க.

விற்பனை வரி: இதை ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற நண்பர்கள்கூட யோசிக்கிறதில்லை. நகையை விற்றாலும், பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கினாலும், வருமான வரிக் கணக்கில் அது கைமாற்றம்தான். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்டகால மூலதன ஆதாயம், 2024 ஜூலை 23 முதல் வரி 12.5 சதவீதம். அதுக்குள்ளேன்னா உங்க வருமான வரி அடுக்குப்படி. இப்போ யோசிங்க: செயின் 2015-ல் வாங்கினது, டாலர் போன வருஷம் வாங்கினது. ரெண்டையும் சேர்த்து விற்றா, ஒரே பில்லுக்குள் ரெண்டு விதமான வரி. டாலர் பாட்டி வழியில் வந்ததா இருந்தா இன்னொரு கணக்கு. பாட்டி வாங்கின விலைதான் உங்க அடக்கவிலை, பாட்டி வச்சிருந்த காலமும் உங்க காலத்தோட சேரும். 2001 ஏப்ரல் 1-க்கு முன்னால் வாங்கியதா இருந்தா அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கலாம். உருப்படிக்குத் தனி வரி இல்லாம இந்தக் கணக்கை எந்த ஆடிட்டராலும் சரியா போட முடியாது.

இன்னொரு சந்தேகமும் அடிக்கடி வரும்: "500 கிராமுக்கு மேல வச்சிருந்தா தப்பா?" தப்பில்லை. கல்யாணமான பெண்ணுக்கு 500, ஆகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 கிராம் என்பது, வரித்துறை சோதனைக்கு வந்தால் பறிமுதல் செய்யாமல் விடச் சொல்லி 1994-ல் கொடுத்த உத்தரவின் அளவு. வைத்துக்கொள்ளும் வரம்பு இல்லை. பில்லும் வந்த வழியும் காட்ட முடிஞ்சா அதுக்கு மேலும் வைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பட்டியலை ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீங்க. முப்பது பேர் இருக்கிற குரூப், முப்பது போன். ஷீட்டை உங்களுக்கும், நம்பிக்கையான இன்னொருத்தருக்கும் மட்டும் திறந்து வையுங்க. எங்க வீட்டில் அந்த இன்னொருத்தர் அக்கா. சிங்கப்பூரிலிருந்தே அவ பார்க்கலாம், திருத்தலாம். பேச ஆரம்பிச்சதே அந்த ஷீட் வழியாத்தான். நான் தப்பா எழுதியிருந்த முறுக்கு செயின் எடையைத் திருத்தி, பக்கத்தில் "சரியா பாரு"ன்னு போட்டிருந்தா. காகிதப் பிரதி ஒண்ணும் வேணும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, நகை இருக்கிற இடத்தில் இல்லாம வேற இடத்தில் வையுங்க.

தாலிக்கொடியை எப்படி எழுதறதுன்னு கேட்பீங்க. குண்டு, காசு, உரு எல்லாம் கோத்து இருப்பதால் என் விதிப்படி ஒவ்வொண்ணும் தனி வரி. நான் தராசோட போய் நின்னப்போ, "கழுத்தில இருந்து இதைக் கழற்றி எடை போட வந்துட்டியாடா?"ன்னு அம்மா பார்த்த பார்வையில் தராசை மூடி உள்ளே வச்சுட்டேன். கல்யாணப் பில்லில் இருந்த எடையை எழுதி, "அம்மா கழுத்தில்" என்று இருப்பிடத்தைப் போட்டுட்டேன். அந்த ஒரு வரி மட்டும் எங்க ஷீட்டில் தோராயம்தான்.